கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு: ஒன்ராறியோவில் மருத்துவ உதவி பெற ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவுக்குள் வந்து அகதிக் கோரிக்கை வைத்து, ஒன்ராறியோ மாகாணத்தில் தங்கியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற மாகாணங்களில் மாகாணக் காப்பீட்டின் பெயரும் விதிகளும் வேறுபடும். கூட்டாட்சி அரசின் காப்பீடு பற்றிய பகுதிகள் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

ஸ்காபரோவில் புதிதாக வந்தவர்களோடு கிளினிக்குக்கும் மருந்தகத்துக்கும் துணைக்குப் போய் வருபவர்களில் நானும் ஒருத்தி. வருத்தத்தின் கடுமையால் அலைந்தவர்களைவிட, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அலைந்தவர்களையே அதிகம் கண்டிருக்கிறேன். பெரும்பாலானோர் இரண்டு வைத்தியர்களை ஒருவராக நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் குடிவரவுத் திணைக்களத்துக்காக உங்களைப் பரிசோதிப்பவர். மற்றவர் உங்களுக்காகவே உங்களைப் பார்ப்பவர். முதலாமவரைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டாமவரிடம் போனாலோ, அரசாங்கத்துக்குச் சொல்லிவிடுவார் என்று பயந்து முக்கியமானதை மறைத்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக அமைந்தது.

1. பழைய கடதாசிகளைச் சேருங்கள்

முதல் வாரத்திலேயே ஊருக்குத் தொலைபேசி எடுத்து, வீட்டில் இருக்கும் மருத்துவக் கடதாசிகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் கொடுத்த டயக்னோசிஸ் காட், பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, காசநோய்க்கு மருந்து எடுத்திருந்தால் அந்தச் சிகிச்சை அட்டை, பழைய எக்ஸ்ரே அறிக்கை ஆகியவை வேண்டும். இங்குள்ள வைத்தியர் உங்கள் ஊர் வைத்தியசாலையைத் தொடர்புகொள்ள மாட்டார். நீங்கள் காட்டும் கடதாசிதான் அவருக்குத் தெரிந்த உங்கள் கடந்த காலம்.

குளிசைகளின் வெற்றுப் பட்டைகளை எறிந்துவிடாதீர்கள். “வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று” என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மெட்போர்மின், லொசாட்டன், தைரொக்சின் போன்ற மூலப்பெயர் பெரும்பாலும் எங்கும் ஒன்றே. அந்தப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வாத மருந்து, செய்துகொண்ட சத்திரசிகிச்சை, உடலில் தங்கியிருக்கும் எறிகணைத் துண்டு ஆகியவற்றையும் அதே தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்கும் கடிதமே உங்கள் காப்பீடு

கோரிக்கை வைத்ததும் முதலில் கிடைப்பது, அது பெறப்பட்டதை உறுதிப்படுத்தும் கடிதம். பின்னர் உங்கள் படத்துடன் அகதிக் கோரிக்கையாளர் ஆவணம் கிடைக்கும். இரண்டில் எது கையில் இருந்தாலும், இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் வைத்தியரைப் பார்க்கலாம். இதை இங்கு எல்லோரும் ஐஎஃப்எச்பி என்பார்கள். தனியாக ஒரு காப்பீட்டு அட்டை வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று வராது. அந்தக் கடிதத்தில் உள்ள 8 அல்லது 10 இலக்க வாடிக்கையாளர் எண்தான் உங்கள் காப்பீட்டு எண்.

வைத்தியர், வைத்தியசாலை, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, அம்புலன்ஸ் ஆகியவை இந்தக் காப்பீட்டில் அடங்கும். மருந்தும், அவசரப் பற்சிகிச்சை, கண், மனநல ஆலோசனை போன்ற துணைச் சேவைகளும் ஒரு வரம்புக்குள் கிடைக்கும். துணைச் சேவைகள் சிலவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படும். அதை எடுப்பது பல் வைத்தியர் அல்லது ஆலோசகரின் வேலை.

எல்லா வைத்தியர்களும் இந்தக் காப்பீட்டை ஏற்பதில்லை. திட்டத்தை நிர்வகிக்கும் மெடாவி புளூ கிராஸ் நிறுவனத்தில் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஏற்பார்கள். ஆகவே எங்கு போவதற்கு முன்பும், “ஐஎஃப்எச்பி எடுப்பீர்களா?” என்று தொலைபேசியில் கேளுங்கள். பேருந்தில் ஒரு மணி நேரம் போய், வரவேற்பு மேசையில் திருப்பி அனுப்பப்படுவதை இந்த ஒரு கேள்வி தவிர்க்கும்.

பணம் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெறலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் திட்டம் வைத்தியருக்குத்தான் பணம் கொடுக்கும், நோயாளிக்குத் திருப்பித் தராது. காய்ச்சலில் இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன ஒரு தாய், கேட்டவுடன் கையில் இருந்த காசை எண்ணிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அவருக்காக நான் எத்தனை இடங்களில் கேட்டும் ஒரு சதமும் திரும்பவில்லை. காசு கேட்டால் வெளியே வந்து, ஐஎஃப்எச்பி எடுக்கும் வேறு கிளினிக்கைத் தேடுங்கள்.

இதில் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டின் கூட்டாட்சி வரவு செலவுத் திட்டம், மருந்துக்கும் துணைச் சேவைகளுக்கும் பயனாளியும் ஒரு பங்கு செலுத்தும் முறையை அறிவித்தது. ஆகவே மருந்தகத்திலோ பல் வைத்தியரிடமோ ஒரு தொகை கேட்டால் அது முறையானதாக இருக்கலாம். வேலையைத் தொடங்கும் முன்பே எவ்வளவு என்று கேளுங்கள். வைத்தியரைப் பார்ப்பதற்கும் வைத்தியசாலையில் தங்குவதற்கும் அந்தப் பங்கு பொருந்தாது.

கடிதத்திலும் ஆவணத்திலும் உள்ள முடிவுத் திகதியைக் கைபேசி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

3. பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் வையுங்கள்

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. தகப்பன் பெயர் எங்கே, தன் பெயர் எங்கே என்பது ஆவணத்துக்கு ஆவணம் இடம் மாறும். பெயரின் ஆங்கில எழுத்துகளும் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் இருக்கும். கிளினிக்கில் வாயால் சொன்னால் அவர்கள் மூன்றாவது விதமாக எழுதிக்கொள்வார்கள். விளைவாக உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு ஒரு கோப்பிலும் எக்ஸ்ரே இன்னொரு கோப்பிலும் போய்ச் சேரும்.

பெயரை வாயால் சொல்லாதீர்கள். கடிதத்தை நீட்டி, “இதில் உள்ளபடியே எழுதுங்கள்” என்று கேளுங்கள். கடிதத்திலேயே பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்த உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பிறந்த திகதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

4. குடிவரவு மருத்துவப் பரிசோதனை: 30 நாளுக்குள்

பரிசோதனை செய்யும்படி அறிவுறுத்தல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும். இது முடியாமல் வேலை அனுமதிப்பத்திரம் வராது. வேலை அனுமதி தாமதமாகிறது என்று என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “மெடிக்கல் முடித்துவிட்டீர்களா?” என்பதுதான்.

குடிவரவுத் திணைக்களம் நியமித்த வைத்தியர்கள் மட்டுமே இதைச் செய்யலாம். அவர்களின் பட்டியல் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. நேரம் பதியும்போதே ஐஎஃப்எச்பியின் கீழ் செய்வார்களா என்று கேளுங்கள். இந்தப் பரிசோதனைக்கும் அந்தக் காப்பீடு பணம் கொடுக்கும்.

எல்லோருக்கும் உடற்பரிசோதனை உண்டு. 5 வயதிலிருந்து சிறுநீர்ப் பரிசோதனையும், 11 வயதிலிருந்து நெஞ்சு எக்ஸ்ரேயும் சேரும். 15 வயதிலிருந்து எச்ஐவி, சிபிலிஸ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் ஆகியவற்றுக்கு இரத்தம் எடுப்பார்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்று நினைத்தால், எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லுங்கள். எக்ஸ்ரேயைத் தள்ளிவைக்க வழி இருக்கிறது.

வருத்தம் இருப்பது தெரிந்தால் கோரிக்கையை நிராகரித்துவிடுவார்கள் என்ற பயம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. எச்ஐவி, நீரிழிவு, சிறுநீரக வருத்தம் எதுவாக இருந்தாலும் அதற்காக அகதிக் கோரிக்கை மறுக்கப்படாது. கோரிக்கையைத் தீர்மானிப்பது குடிவரவு அகதிகள் சபை. அது பார்ப்பது ஊரில் உங்களுக்கு இருக்கும் ஆபத்தை. ஆகவே மருந்துகளை ஒளிக்காதீர்கள். பரிசோதனை நன்றாக வர வேண்டும் என்று முதல் நாள் குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

முன்பு காசநோய் வந்து சுகமாகியிருந்தால் அதை நீங்களாகவே சொல்லி, சிகிச்சை அட்டையைக் காட்டுங்கள். மறைத்தாலும் எக்ஸ்ரேயில் தழும்பு தெரியும். பிறகு சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவு வர வாரக்கணக்காகும், அதுவரை உங்கள் கோப்பு நிற்கும். அட்டையைக் காட்டினாலும் சளிப் பரிசோதனை கேட்கப்படலாம். ஆனால் எங்கே, எவ்வளவு காலம், எந்த மருந்து என்ற கேள்விகளுக்கு உடனே பதில் இருக்கும். பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால் தவறாமல் எடுங்கள். ஒன்ராறியோவில் காசநோய் மருந்து இலவசம்.

வெளியே வரும்போது, பரிசோதனை செய்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். முடிவுகளின் பிரதியும் கேளுங்கள். வைத்தியர் அவற்றைத் திணைக்களத்துக்குத்தான் அனுப்புவார், உங்கள் குடும்ப வைத்தியருக்கு அல்ல.

5. உங்களுக்கான வைத்தியரைத் தேடுங்கள்

மேலே சொன்ன பரிசோதனை முழு உடற்பரிசோதனை அல்ல. நெஞ்சு எக்ஸ்ரே, வெளிப்பட்ட காசநோயைத்தான் பிடிக்கும். உடலுக்குள் உறங்கும் கிருமி அதில் தெரியாது. சீனி, கொழுப்பு, குருதிச்சோகை, மார்பகம், கருப்பைக் கழுத்து எதையும் அது முழுமையாகப் பார்ப்பதில்லை. “மெடிக்கலில் எல்லாம் நல்லம் என்று வந்தது” என்று சொல்லி ஓராண்டு வைத்தியரிடம் போகாமல் இருந்து, பிறகு சீனி மிக உயர்ந்து அம்புலன்ஸில் போனவரை எனக்குத் தெரியும்.

குடும்ப வைத்தியரைத் தேடித்தரும் மாகாணத்தின் ஹெல்த் கெயர் கனெக்ட் சேவை, மாகாணச் சுகாதார அட்டை உள்ளவர்களுக்கானது. உங்களுக்கு அது இன்னும் இல்லை. அதனால் முதலில் உங்கள் பகுதியின் சமூகச் சுகாதார நிலையத்தைக் கேளுங்கள். காப்பீடு இல்லாதவர்களையும் பார்ப்பதற்காகவே அமைந்தவை அவை. தாதி, சமூகப் பணியாளர், உணவு ஆலோசகர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ரொறன்ரோவில் அக்சஸ் அலையன்ஸ் நிலையம் புதிதாக வந்தவர்களுக்கென்றே இயங்குகிறது. விமன்ஸ் கொலிஜ் வைத்தியசாலையின் குரொஸ்ரோட்ஸ் கிளினிக் அகதிகளை மட்டும் பார்க்கிறது. காத்திருப்புப் பட்டியல் இருந்தாலும் பெயரைக் கொடுத்துவிட்டு, அதற்கிடையில் ஐஎஃப்எச்பி எடுக்கும் தனியார் குடும்ப வைத்தியர்களையும் விசாரியுங்கள். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால், உள்ளூர்ச் சேவைகள் பற்றித் தகவல் தரும் 211 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

நேரம் பதியாமலே போகக்கூடிய வோக்-இன் கிளினிக் சளி, காது வலி, புண் போன்றவற்றுக்குப் போதும். ஒவ்வொரு முறையும் வேறு வைத்தியர் பார்ப்பதால், நீண்டகால வருத்தத்துக்கு அது உதவாது.

6. மொழிபெயர்ப்பாளரை நேரம் பதியும்போதே கேளுங்கள்

போன பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்ற ஒரு வரியை ஆங்கிலத்தில் யாரிடமாவது எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான பரிசோதனை என்றால், பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தாயின் இரத்தப்போக்கைப் பற்றி வைத்தியர் கேட்ட கேள்விக்கு, பதினொரு வயது மகன் தலையைக் குனிந்துகொண்டு “ஒன்றுமில்லையாம்” என்று சொன்னான். நான் அந்த அறையில் இருந்தேன். அந்தத் தாய் அப்படிச் சொல்லவே இல்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மொழிபெயர்ப்பதிலும் இதே ஆபத்து உண்டு. வீட்டுக்குள் அடி விழுகிறது என்றால் அடிக்கிறவரே அதை மொழிபெயர்க்கப் போவதில்லை.

தெரிந்த ஆட்கள் மூலம் செய்தி பரவும் என்று பயந்தால், தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். வேறு ஊரில் இருந்து பேசும் அவருக்கு உங்கள் முகம் தெரியாது.

7. முதல் சந்திப்பில் சொல்ல வேண்டியவை

நேரம் குறைவு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. மிகவும் தொந்தரவு தரும் இரண்டை முதலில் சொல்லுங்கள். பலர் மரியாதைக்காகச் சிறிய வருத்தத்தில் தொடங்கி, கதவருகே எழுந்து நிற்கும்போதுதான் நெஞ்சு நோவைச் சொல்கிறார்கள்.

நீங்கள் சொல்வது வெளியே போகாது. ஒன்ராறியோவில் 2004 ஆம் ஆண்டின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்கள் வைத்தியரைக் கட்டுப்படுத்துகிறது. காசநோய் போன்ற சில தொற்றுநோய்களைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிப்பது, பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடப்பதை அறிவிப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் தழும்பு எப்படி வந்தது என்று குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை அல்ல.

எறிகணைத் துண்டு உடலில் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். வன்னியிலிருந்து வந்த பலர் அதைப் பழகிப்போனதால் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எம்ஆர்ஐ இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு அசையலாம். கண்ணுக்கு அருகில் இருந்தால் பார்வையே போகலாம்.

வவுனியா, அனுராதபுரம், பொலனறுவைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் அங்கு பரவியிருப்பது எல்லா வைத்தியர்களுக்கும் தெரிந்திருக்காது. குடிவரவுப் பரிசோதனையின் கிரியாற்றினின் முடிவைக் காட்டுங்கள். வைத்தியரைக் கேட்காமல் ஐபுபுரோபன், டைக்குளோபெனக் போன்ற வலி நிவாரணிகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டாம்.

வந்த வழியையும் சொல்லுங்கள். 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. “இலங்கை” என்று மட்டும் சொன்னால் வைத்தியர் மலேரியாவை நினைக்காமல் விடலாம். நீங்கள் ஆபிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ இந்தியாவிலோ மாதக்கணக்கில் நின்று வந்திருந்தால் கதை வேறு. அத்தகைய பயணத்துக்குப் பின் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை வேண்டும். ஸ்ட்ரொங்கிலொயிடிஸ் என்ற குடற்புழு, வெறுங்காலுடன் மண்ணில் நடந்தவரின் உடலில் பல்லாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். இழுப்புக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டெரொயிட் மருந்து தொடங்கும்போது அது உயிராபத்தாகப் பெருகும். ஸ்டெரொயிட் எழுதினால், “இந்தப் புழுவுக்கு முதலில் சோதிக்க வேண்டுமா?” என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: 35 வயதைக் கடந்த தெற்காசியர்களுக்குச் சீனி, பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் குருதிச்சோகை, உறங்கும் காசநோய், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. காசநோய்க்குத் தோல் பரிசோதனை செய்தால், கையில் இருக்கும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைக் காட்டுங்கள். அந்தத் தடுப்பூசியே பரிசோதனையைப் பிழையாக நேர்மறையாகக் காட்டக்கூடும். நம்முடைய தோல் நிறத்துக்கும் இங்குள்ள குளிர்காலத்துக்கும் வைட்டமின் டி குறைவது வழக்கம். அதையும் கேளுங்கள்.

இனி அளவுகள். ஊரில் சீனியை மில்லிகிராமில் சொல்வார்கள், இங்கு மில்லிமோலில். ஊர்க் கணக்கை 18 ஆல் வகுத்தால் கனடாக் கணக்கு வரும். ஊரில் 180 என்பது இங்கு 10. ஊரில் 126 என்பது இங்கு 7. 180 இருந்த ஒருவர் இங்கு 10 என்ற எண்ணைப் பார்த்து, குளிர் நாட்டுக்கு வந்ததும் சீனி இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து குளிசையைப் பாதியாக்கிவிட்டார். அவர் படித்தவர், கவனமானவர். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலும் இங்கு செல்சியஸில்தான். 100.4 பாரன்ஹைட் என்பது 38.

8. தடுப்பூசியும் பள்ளிக்கூடமும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு தடுப்பூசி விபரங்களைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் பெற்றோரே அறிவிக்க வேண்டும். ஊர்ப் பதிவேட்டைப் பள்ளியில் காட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அறிவிக்காவிட்டால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தச் சட்டத்தில் இடமுண்டு. பிள்ளை ஊசி போட்டிருந்தும், கடதாசி போகாததால் வீட்டில் இருக்க நேரும்.

தொண்டைக் கரப்பான், ஏற்பு வலி, குக்கல், போலியோ, சின்னமுத்து, கூவைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசிகள் கேட்கப்படும். 2010 இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குக் கொப்பளிப்பானும் சேரும். ஊர் அட்டவணையில் இல்லாத ஊசிகள் இருக்கலாம். தவறிய ஊசியை மட்டும் போட்டால் போதும், தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கத் தேவையில்லை. அட்டை தொலைந்துபோனால் மட்டும் திரும்பப் போடுவார்கள், அதனால் தீங்கு இல்லை.

பெரியவர்களும் கேளுங்கள். வெப்ப நாடுகளில் வளர்ந்த பலருக்குச் சிறுவயதில் கொப்பளிப்பான் வந்திருக்காது. வளர்ந்த பின் வந்தால் அது கடுமையாக இருக்கும், கர்ப்பிணிக்கு இன்னும் ஆபத்து.

9. மருந்தகம்

ஊரில் போல அன்டிபயோட்டிக்கைக் கடையில் கேட்டு வாங்க முடியாது. வைத்தியரின் மருந்துத் துண்டு வேண்டும். கையில் இருக்கும் மருந்து முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே வைத்தியரிடம் நேரம் பதியுங்கள். நேரம் கிடைக்கவே சில நாள் ஆகும்.

எப்போதும் ஒரே மருந்தகத்துக்குப் போங்கள். எந்த மருந்து எதனோடு ஒத்துப்போகாது என்பதை அவர்களின் கணினிதான் முதலில் சொல்லும். ஊரிலிருந்து வரும் ஆயுர்வேதச் சூரணத்தையும் சித்த மருந்தையும் மருந்தாளரிடம் சொல்லுங்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கலந்திருப்பதுண்டு.

10. நித்திரை, யோசனை, பயம்

“ஒரே யோசனை” என்று நாம் சொல்லும்போது எவ்வளவு பொருள் இருக்கிறது! அதை ஆங்கிலத்தில் வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால், “அதிகம் சிந்திக்கிறார்” என்று மட்டும்தான் வைத்தியருக்குக் கேட்கும். அவர் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதனால் நடப்பதைச் சொல்லுங்கள்: இரவில் எத்தனை மணி நேரம் நித்திரை, என்ன கனவு, எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் உடம்பு என்ன செய்கிறது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிவு என்று வரும் பலருக்கு உள்ளே இருப்பது இதுதான்.

நடந்ததை எல்லாம் முதல் நாளே சொல்லத் தேவையில்லை. அதிர்ச்சியான அனுபவங்களை வைத்தியர்கள் வழக்கமான கேள்வியாகத் தோண்டக் கூடாது, அது தீங்கு செய்யலாம் என்பதே கனடாவின் குடிவரவாளர் அகதிகள் சுகாதார வழிகாட்டுதல் தரும் அறிவுரை. “அதைப் பற்றி இன்று பேச விரும்பவில்லை” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ரொறன்ரோவில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான கனடிய நிலையம் 1977 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது.

சித்திரவதைத் தழும்பு பற்றியோ மனநிலை பற்றியோ வைத்திய அறிக்கை உங்கள் விசாரணைக்குத் தேவைப்படலாம். அதைச் சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். எழுதக்கூடிய வைத்தியர்கள் சிலரே, வரிசை நீளம். விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடி வருபவர்களுக்கு உதவ முடியாமல் போயிருக்கிறது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 988 ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். அங்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள். மொழி தடையாக இருந்தால், அல்லது ஆபத்து உடனடியானதாக இருந்தால் அவசர உதவி எண்ணான 911 ஐ அழையுங்கள்.

11. கர்ப்பிணிகளுக்கு

தெரிந்த வாரத்திலேயே தேடத் தொடங்குங்கள். ஒன்ராறியோவில் மாகாண அட்டை இல்லாதவர்களுக்கும் மிட்வைஃப் எனப்படும் மருத்துவிச்சியின் சேவைக்கு மாகாணமே பணம் கொடுக்கிறது. இவர்கள் பல்கலைக்கழகத்தில் பயின்று பதிவு பெற்றவர்கள். வைத்தியசாலையிலும் பிரசவம் பார்ப்பார்கள், பிறகு வீட்டுக்கும் வருவார்கள். ஊரில் குடும்பநல மாது வீட்டுக்கு வந்து பார்த்ததை நினைவுபடுத்தும் ஒரே சேவை இங்கு இதுதான் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவர்களின் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும்.

12. அவசரம் என்றால்

நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், நிற்காத இரத்தப்போக்கு என்றால் 911. ஆங்கிலம் தெரியாவிட்டால் “டமில்” என்று மட்டும் சொல்லி இணைப்பில் நில்லுங்கள். அவசரமா இல்லையா என்று தெரியாவிட்டால் 811 இல் தாதி ஒருவர் இரவும் பகலும் பேசுவார்.

அவசரப் பிரிவில் வந்த வரிசையில் பார்ப்பதில்லை. ஆபத்தை ஐந்து படிநிலைகளாகப் பிரித்து, கடுமையானவரை முதலில் எடுப்பார்கள். மணிக்கணக்கில் இருக்க நேர்ந்தால் உங்களை ஒதுக்குகிறார்கள் என்று பொருள் அல்ல. ஆனால் காத்திருக்கும்போது வலி கூடினால் எழுந்துபோய்ச் சொல்லுங்கள். நல்ல பிள்ளைபோல் அமைதியாக இருந்து மயங்கி விழுந்தவரைப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பவும் வேண்டாம்.

13. வீட்டுக்கு பில் வந்தால்

பயந்து ஒளித்துவைக்காதீர்கள், உடனே கட்டவும் வேண்டாம். பெரும்பாலும் அவசரத்தில் உங்கள் ஐஎஃப்எச்பி விபரம் பதிவாகாததுதான் காரணம். பில்லில் உள்ள எண்ணை அழைத்து, கணக்குப் பிரிவுக்கு உங்கள் கடிதத்தின் பிரதியை அனுப்பி, நேரடியாக மெடாவி புளூ கிராஸிடம் கோரும்படி கேளுங்கள். கோருவதற்குக் கால வரம்பு இருப்பதால் அந்த வாரத்திலேயே செய்யுங்கள். பேசியவரின் பெயரையும் திகதியையும் பில்லின் பின்புறம் எழுதிவையுங்கள்.

14. கோரிக்கை ஏற்கப்பட்டால், மறுக்கப்பட்டால்

ஏற்கப்பட்ட முடிவுக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்துக்குப் போய், மாகாணக் காப்பீடான ஓஹிப்புக்கு விண்ணப்பியுங்கள். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த விதி 2020 இல் நீக்கப்பட்டுவிட்டது. ஐஎஃப்எச்பி அதன் பிறகு அதிக காலம் நீடிக்காது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். முடிவுக் கடிதம், அடையாள ஆவணம், முகவரிச் சான்று ஆகியவற்றின் மூலப்பிரதிகளைக் கொண்டுபோங்கள்.

ஓஹிப் அட்டை மருந்துச் செலவை எல்லோருக்கும் ஏற்காது. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனியார் காப்பீடு இல்லாவிட்டால் மாகாணம் ஏற்கும். ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாணச் சமூக உதவிப் பணம் பெறுபவர்களுக்கும், 65 வயதை எட்டியவர்களுக்கும் ஏற்கும். மற்றவர்களில் பலர், மாகாணத்தின் டிரில்லியம் மருந்துத் திட்டத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர்கள் இதை அட்டை வரும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், அன்றைக்கே காப்பீடு நின்றுவிட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி உடனே நிற்பதில்லை. மேன்முறையீடு பற்றிச் சட்டத்தரணியிடம் பேசும்போதே, காப்பீடு எதுவரை என்பதையும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் எண் செல்லுபடியாகிறதா என்று கிளினிக்கே கணினியில் பார்க்கும். ஆகவே பதிந்த நேரத்துக்குப் போங்கள்.